ஈடுனின் சின்னக் கட்டில்

ஓலசுண்ட்,
மார்ச் 3

அன்புள்ள ஓஷில்டுக்கு,

இரண்டு வருடமாக என் மகள் ஈடுனை அவள் அப்பாவோடு சேர்ந்து வளர்த்துவரும் உங்களுக்கு முதல்முறையாக எழுதுகிறேன். அவருக்கு நான் எழுத உட்கார்ந்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடுகிறது.

பெட்டியில் இருப்பவை பொம்மை வீட்டுச் சாமான்கள். பள்ளி வாத்தியக் குழு போட்ட பழைய பொருள் சந்தையில் வாங்கினேன். கட்டிலுக்கு ஒரு கால் இல்லை. பல்குத்தும் குச்சியைச் சீவி ஒட்டினேன். பழைய வார்னிஷை நகம் தேய்க்கும் அரத்தால் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தேன். மெத்தை உறை, இங்கே ஈடுனுக்காகப் போட்டிருக்கும் நிஜ மெத்தையுறையில் வெட்டிய துண்டு. இங்கே அவள் அறையும் இப்படியேதான் இருக்கிறது. பார்த்தால் இங்கே வர அவளுக்கிருக்கும் பயம் குறையுமோ என்று ஓர் ஆசை.

என் மெழுகுவர்த்தியால் திரைச்சீலை பற்றிக்கொண்ட அந்த நாளுக்குப் பிறகு வீட்டில் நான் தீக்குச்சிகூட வைப்பதில்லை. இதை அவளிடம் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். எது சரியென்று உங்களுக்குத் தெரியும்.

ரூனா

மோல்டெ,
மார்ச் 9

அன்புள்ள ரூனா,

பெட்டி வந்தது. ஈடுன் பிரித்துப் பார்த்தாள், எதையும் தொடவில்லை. மறுநாள் காலை ரொட்டி தின்றுகொண்டே, "ஓஷில்ட், இதுல ஜன்னலே இல்லையே. புகை வந்தா எப்படி வெளிய போறது?" என்றாள்.

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மன்னியுங்கள்.

ஓஷில்ட்

ஓலசுண்ட்,
மார்ச் 14

அன்புள்ள ஓஷில்டுக்கு,

சுருட்டுப் பெட்டி மூடியில் ஒரு சுவர் செய்து, திறக்கிற ஜன்னல் வைத்து அனுப்பியிருக்கிறேன். நிஜ ஜன்னலும் பெயின்டில் ஒட்டிக் கிடந்தது. தச்சரை வைத்துச் சரிசெய்தாயிற்று. தரைத்தளம்தான். நானே நாலு தடவை வெளியே குதித்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர், "என்னம்மா, சாவி தொலைஞ்சுபோச்சா?" என்றார்.

ஏதாவது சொன்னாளா? எதுவானாலும் எழுதுங்கள்.

ரூனா

மோல்டெ,
மார்ச் 25

அன்புள்ள ரூனா,

ஒரு தப்பு நடந்துவிட்டது. படகுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டை எடுத்து, ஈடுன் உங்கள் கட்டில் முழுக்கப் பூசிவிட்டாள். மெத்தையிலெல்லாம் வழிந்துவிட்டது. நான் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கப்போய், ஒட்டிய கால் கையோடு வந்துவிட்டது.

"விடு ஓஷில்ட்! அது அம்மா வீட்டுல இருக்கிற என் கட்டில்!" என்று கத்தினாள். அப்புறம் மெதுவாக, "அம்மா திட்டுவாளா?" என்று கேட்டாள். என்ன சொல்லட்டும்?

ஓஷில்ட்

ஓலசுண்ட்,
மார்ச் 28

அன்புள்ள ஓஷில்ட்,

'என் கட்டில்' என்றா சொன்னாள்? நன்றாகக் கேட்டீர்களா?

நிஜக் கட்டிலுக்கும் பச்சை அடித்துவிட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் வாடை போய்விடும். அவள் தங்கவேண்டாம், அன்றைக்கு ஒரு மணிநேரம் வந்தால் போதும். வரமாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள்; எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ரூனா

மோல்டெ,
ஏப்ரல் 2

அன்புள்ள ரூனா,

சனிக்கிழமை பத்து மணிப் படகில் காரை ஏற்றிக்கொண்டு வருகிறோம். பையில் இரவு உடுப்பையும் அவளே எடுத்துவைத்துக்கொண்டாள். நானும் உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். "நீ கார்லயே இரு. பயமா இருந்தா கூப்பிடுறேன்" என்றாள்.

இத்தனை நாளும் உங்கள் பயத்தை நான் படித்தேன். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். அவள் கூப்பிடவே இல்லையென்றால், நான் எவ்வளவு நேரம் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கட்டும்?

ஓஷில்ட்