ஞானம்மாளைக் கடைசிக்கு அனுப்பியது

1931 நவம்பர் 3, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். குளக்கரை முழுவதும் சேறு. குடைக்கம்பி முறிந்தது, திருத்தக் கொடுக்க வேண்டும்.

அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை முடிந்ததும் சபைக் கூட்டம். பேசியது ஒரே விஷயம், ஞானம்மாள். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து கண்டிக்கு வந்து ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவுகிறவள். போன மாதம் ஞானஸ்நானம். ஞாயிறு திருவிருந்தில் வரிசை நடுவில் முழந்தாளிட்டாள். எல்லோருக்கும் ஒரே திராட்சரசக் கிண்ணம். அவள் குடித்த கிண்ணம் வரும்போது பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். அது என் மனைவி எஸ்தர்.

சபை மூப்பர் சொன்னார்: "இது சாதிப் பிரச்சினை இல்லை தம்பி. சுகாதாரம். அவள் கடைசியா வரட்டும். நீர்தானே செயலாளர், நீரே சொல்லிவிடும்."

"ஓம்" என்றேன். குறிப்பேட்டில் "சுகாதாரம்" என்று என் கையாலேயே எழுதினேன். போதகர் இளையவர், ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

அருவருப்பு. மூப்பர்மேல் பாதி, என்மேல் பாதி.

நவ. 5, வியாழன்
மழை. இருமல். ஆஸ்பத்திரிப் பின்புறம் போனேன். ஞானம்மாள் படுக்கைச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்றம். லேஞ்சியால் மூக்கைப் பொத்தினேன். பார்த்துவிட்டாள்.

"இனிமேல் கிண்ணத்துக்குக் கடைசியா வா, ஞானம்மா."

சுகாதாரம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்கய்யா. கிண்ணத்தக் கழுவ ஆள் இல்லீங்களா? கடைசியா வந்தா நானே கழுவி வச்சிட்டுப் போறேங்க."

ஓம், அதற்குத்தான் என்றேன். பொய். வீடு வரை துப்பிக்கொண்டே வந்தேன்.

நவ. 7, சனி
மழை விட்டது. அரிசி, மண்ணெண்ணெய் வாங்கினேன். குடை இன்னும் ஆகவில்லை.

நாளை வேதபாடம் வாசிப்பது நான். கர்த்தரை நேசிக்கிறவன் அவர் சொன்னதைச் செய்வான், அவர் வந்து அவனுக்குள் குடியிருப்பார் என்கிற பகுதி. இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். கிண்ணத்தைக் கொடுத்து எல்லோரும் குடியுங்கள் என்பதும் அவர் சொன்னதுதான். எனக்குள் வந்தால் எங்கே இருப்பார்? ஆஸ்பத்திரிப் பின்புறம் இதைவிடச் சுத்தம்.

நாளை நானும் கடைசியாகப் போகிறேன் என்று எஸ்தரிடம் சொன்னேன்.

"அவளின்ரை வெத்திலை வாய் வைச்சதிலையோ? உங்களுக்கு விசர் பிடிச்சிருக்கு."

நவ. 8, ஞாயிறு
வெயில். வேதபாடம் வாசித்தேன்.

எல்லோரும் குடித்துத் திரும்பியபின் ஞானம்மாள் போனாள். அவளுக்குப் பின்னால் நான். மூப்பர் செருமினார். போதகர் கிண்ணத்தை நீட்டினார். கிண்ண விளிம்பில் ஒரு சிவப்பு, வெற்றிலையோ திராட்சரசமோ. துடைத்தார், முழுதும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

கர்த்தர் வந்து குடியேறியதாக ஒன்றும் தெரியவில்லை. பாக்கு வாசம்தான்.

ஆராதனை முடிந்து, கிண்ணம் கழுவ ஞானம்மாள் காத்து நின்றாள். உண்மையைச் சொன்னேன். கழுவுவதற்கு அல்ல, உன் வாய் பட்டதைக் குடிக்க இவர்களுக்கு மனமில்லை, அதுதான் என்றேன்.

"தெரியுங்கய்யா. அன்னிக்கே தெரியும். நீங்க சொல்ல முடியாம முழிச்சீங்க, பாவமா இருந்திச்சு. அதான் கழுவுறேன்னேன்."

கழுவிவிட்டுத்தான் போனாள்.

எஸ்தர் சோறு போட்டாள். என் தம்ளரை மட்டும் அலுமாரியிலிருந்து எடுத்து வெளி விறாந்தையில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.