எக்காளம் எனக்குக் கேட்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் கொஞ்சம் குறைவாகவும் அம்மாவின் வாய் கொஞ்சம் அதிகமாகவும் வேலை செய்வதைத் தவிர வேறு குறையில்லை. நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விடியற்கால ஜெபத்தில் முதலில் உனக்காகத்தான் கேட்கிறேன், நாம் பேசாமல் இருந்த இத்தனை மாதத்திலும் அதை நான் விட்டதில்லை, அம்மா சொல்லியிருப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை உன்னைக் கூப்பிட்டுவிட்டு நானே கட் பண்ணினேன் அல்லவா, அதற்குப் பிறகு நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்காமல், கை தவறிப் பட்டுவிட்டது என்று அம்மா மூலமாகச் சொல்லியனுப்பினேன் அல்லவா, அது பொய். கை தவறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எனக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை, உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் கடிதம். இதைப் படித்துவிட்டுச் சிரி, பரவாயில்லை, ஆனால் முழுதும் படித்துவிட்டுச் சிரி.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. இந்த மாதம் சபையில் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு துணிப்படம் கட்டியிருக்கிறார், அதில் மிருகங்கள், குதிரைகள், ஏழு வருட உபத்திரவம், எல்லாம் கலர் கலராக. நீண்ட குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, நாம் இதோ இங்கே நிற்கிறோம் என்று எக்காளம் ஊதுகிற தூதனுக்கு ஒரு விரற்கடை முன்னால் குச்சியை வைக்கும்போது சபையே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த எக்காளம் ஊதியதும் ஆயத்தமாக இருக்கிறவர்கள் நின்ற இடத்திலிருந்தே வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் உபத்திரவத்துக்குக் கைவிடப்படுவார்கள் என்பார். உன் அத்தைக்கு இதெல்லாம் கேட்டு உலகமே வெறுத்துப்போய்விட்டது, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம் என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள், எப்படியும் விட்டுவிட்டுப் போகிற வீடுதானே என்கிறாள். அப்படிப்பட்டவள் புது ஃப்ரிட்ஜுக்கு மட்டும் எதற்குக் கூடுதல் வாரண்டி வாங்கினாள் என்று கேட்டேன், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் கிண்டல் செய்கிறேனே தவிர எனக்கும் உள்ளே ஒரு பரபரப்பு இருந்தது உண்மை. தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது இன்றைக்காக இருக்குமோ என்று வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் வேலை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, தளத்தைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி நிற்கிறது என்று புகார். நான் மொட்டைமாடியில் இருக்கிற மெஷின் ரூமில், என் கூட்டாளி ஸ்பானர் கீழே லிஃப்ட் குழியில். ஸ்பானரை உனக்குத் தெரியும், நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது பெட்டி தூக்க வந்தானே, குடிப்பான், சினிமாப் பாட்டைச் சத்தமாகப் பாடுவான், சபைக்குக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணே தூக்கம் நல்லா வருது என்பான். மேலே பழைய தாங்கி ஒன்று துருப்பிடித்துக் கழற்ற முடியாமல் இருந்தது, காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு கிரைண்டர் வைத்து அறுத்துக்கொண்டிருந்தேன். அந்த இரும்புச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அறுத்து முடித்து, அடைப்பானைக் கழற்றி, இன்டர்காமில் ஸ்பானரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. சரி, எங்கேயாவது புகை பிடிக்கப் போயிருப்பான் என்று குழிக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினேன். கீழே அவனுடைய விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ஆள் இல்லை. பாட்டுச் சத்தமும் இல்லை.

படியில் இறங்கி மேல்தளத்து ஆபீசுக்குள் போனேன். ஈ காக்காய் இல்லை பாப்பா. கம்ப்யூட்டரெல்லாம் எரிகிறது, நாற்காலிகள் பின்னால் தள்ளிக் கிடக்கின்றன, ஒரு மேசையில் டீயில் ஆவி பறக்கிறது, நனைத்த பிஸ்கட் பாதி கரைந்து உள்ளே விழுந்து கிடக்கிறது. ஒரு பெண்ணின் செருப்பு ஒற்றையாகத் தரையில் கவிழ்ந்து கிடந்தது. எங்கோ ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அடுத்த தளத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், அங்கே ஓடினேன். சாய்வு நாற்காலி மேலே விளக்கு எரிகிறது, வாய் கொப்பளிக்கிற குவளையில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது, டாக்டரையும் காணோம், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்திருக்க வேண்டிய ஆளையும் காணோம். வலிக்கிற பல்லோடு ஒரு மனிதன் பாதியில் எழுந்து போவானா என்று யோசித்தேன், அவனாக எழுந்து போகவில்லை, எடுத்துக்கொள்ளப்பட்டான் என்று உடனே எனக்கே பதில் வந்துவிட்டது.

ஒரே இடத்தில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள், ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான், மற்றவன் கைவிடப்படுவான் என்று எத்தனை ஞாயிறு நானே சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் கைவிடப்பட்டவன் யாரோ ஒரு ஸ்பானர் என்றுதான் மனதில் படம் இருக்கும். இப்போது ஒரே லிஃப்டில் இரண்டு பேர், ஸ்பானர் போய்விட்டான், நான் நிற்கிறேன். அந்த ஆபீஸ் மேனேஜர், லிஃப்ட் நின்றால் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறவர், அவர் நாற்காலியும் காலி. அவரும் போய்விட்டாரா, அவருக்கே இடம் இருந்ததா, எனக்கு இல்லையா என்று ஆண்டவரிடம் சண்டை போடத் தோன்றியது. எக்காளம் ஊதியிருக்கிறார்கள், நான் காதை அடைத்துக்கொண்டு இரும்பை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அங்கே நிற்கும்போது வரவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன், அடித்து அடித்து நின்றது. அவள் போயிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, எந்தக் கல்யாணத்துக்கும் எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்கிறவள்தானே. அன்றைக்குப் பெண்கள் உபவாச ஜெபம், போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவே இல்லை. போதகருக்குப் போட்டேன், அவரும் எடுக்கவில்லை. அவரும் அதே ஜெபத்தில் இருந்திருக்கிறார், ஆனால் எனக்கோ எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உன்னுடைய நம்பர். அங்கே உனக்கு இன்னும் விடிந்திருக்காது என்று தெரியும். நீ எடுக்க மாட்டாய் என்று நினைத்தேன், போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது நாம் பேசிக்கொண்ட பேச்சுக்கு நீ எடுக்காமலிருந்தாலும் நியாயம்தான். அல்லது நீயும் போயிருக்கலாம், ஆண்டவர் கணக்கு யாருக்குத் தெரியும், ஸ்பானருக்கே கதவு திறந்தவர் உனக்குத் திறக்காமலா இருப்பார் என்றும் ஓடியது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய். பாப்பா இருக்கியா என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது. தூக்கக் கலக்கத்தில் நீ, இருக்கேம்ப்பா, என்னாச்சுப்பா, இங்கதாம்ப்பா இருக்கேன் என்றாய்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தவிக்கிறேன். நான் நம்புகிறபடி பார்த்தால் நீ இங்கே இருக்கிறாய் என்பது எனக்கு வந்த மிகப் பெரிய துக்கச் செய்தி. உனக்காக விடியற்காலையில் நான் கேட்பதே அந்த நாளில் நீ இங்கே இருக்கக் கூடாது என்றுதான். நான் அழுதிருக்க வேண்டும். அழுதேன், ஆனால் துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். உன் குரலைக் கேட்டதும் அந்தப் பல் நாற்காலியின் கீழேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன், அப்பாடா, என் பிள்ளை இருக்கிறாள், இனி எந்த உபத்திரவம் வந்தால் என்ன என்று இருந்தது. கைவிடப்பட்ட மனிதனுக்கு இவ்வளவு நிம்மதி வரக் கூடாது. வந்தது.

அப்புறம்தான் வெளியே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் கட்டடமே கூடி நிற்கிறது. தீ விபத்து வந்தால் எப்படி இறங்குவது என்று ஒத்திகையாம். மணி அடித்திருக்கிறார்கள், எல்லோரும் போட்டது போட்டபடி இறங்கியிருக்கிறார்கள். பல் பிடுங்க வந்த ஆள் கழுத்தில் துண்டும் வாயில் பஞ்சுமாக வரிசையில் நிற்கிறார், செருப்பை விட்டு வந்த பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள், ஸ்பானர் யாரிடமோ நெருப்புக் கேட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். அந்த வெட்கத்தில்தான் உன் போனைக் கட் பண்ணினேன். நான் கீழே இறங்கியதும் காவல்கார அம்மா வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள், எங்கங்க போனீங்க, மேல மணியடிச்சது காதுல விழலயா, ஒரு ஆளு கொறையுதுன்னு யாரையும் உள்ள விடாம வெயில்ல நிக்க வச்சிருக்கோம் என்று ஒரு பாட்டம் திட்டினாள். ஸ்பானர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னண்ணே பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க என்றான். உன்னைத்தான்டா தேடினேன் என்று சொல்லி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவன் நான் குடித்துவிட்டேனோ என்று என் வாயை மோந்து பார்க்கிறான்.

அதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார் பேசி முடித்து, இந்த நிமிஷம் ஆண்டவர் வந்தால் பின்னால் எதையும் நினைக்காமல் போக ஆயத்தமாக இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். சபை முழுக்கக் கை. அம்மா இரண்டு கையும் தூக்கினாள். அத்தையும் ஃப்ரிட்ஜை மறந்து தூக்கினாள். என் கை எழும்பவில்லை பாப்பா. அம்மா திரும்பிப் பார்த்தாள், தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று சொன்னேன், அன்றிலிருந்து தினமும் நல்ல தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். எரிகிறது.

போன வருடம் நீ சொன்னாயே, பயந்துக்கிட்டே ஜெபம் பண்ண என்னால முடியாதுப்பா, ஸ்கூல் விட்டு வந்து வீடு திறந்து கெடந்து உள்ள யாரும் இல்லன்னா நீங்க எல்லாம் போயிட்டீங்க, நான் மட்டும் மாட்டிக்கிட்டேன்னு பாத்ரூமுக்குள்ள உக்காந்து அழுவேன் என்று. அந்தப் பயம் நல்லதுதான், அதுதான் உன்னைக் காப்பாற்றும் என்று நான் சொன்னேன், நீ அன்றைக்கே பெட்டியைக் கட்டினாய். பல் டாக்டர் அறையில் நான் நின்றது கொஞ்ச நேரம்தான். அது நல்லதில்லை பாப்பா. சின்னப் பிள்ளையாக நீ அதை எப்படித் தாங்கினாய்?

உன்னைச் சபைக்கு வா என்று இழுக்க இதை எழுதவில்லை. ஆசை போய்விட்டது என்று சொன்னால் இன்னொரு பொய் ஆகும். ஆண்டவர் வருவார், அதில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை, வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் வண்டியை எடுத்தேன். ஆனால் ஒன்று. அந்த நாளில் என் கால் தரையைவிட்டு எழும்பினால் நான் முதலில் கீழே பார்ப்பேன், நீ எங்கே என்று. வேதத்தில் ஊர் எரியும்போது திரும்பிப் பார்த்தவள் உப்புத்தூண் ஆனாள் என்று எனக்குத் தெரியும், நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் பார்ப்பேன். நானும் உப்புத்தூண் ஆனால் ஆகட்டும். இதை ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன், அவருக்குத் தெரியாமல் மனதில் வைத்துக்கொண்டு கை தூக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இந்த இருப்புக் கொள்ளாமை. போதகரிடம் கேட்கலாம் என்றால் என்னைத் தனியாக உட்கார வைத்து ஜெபிப்பார், அம்மாவிடம் சொன்னால் உபவாசம் போட்டுவிடுவாள். அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ எனக்குப் பதில் ஒன்றும் எழுத வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் எரியும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே. நீ தங்கியிருக்கிற கட்டடத்து லிஃப்ட் தளத்துக்குச் சரியாக நிற்காமல் கொஞ்சம் இறங்கி நின்றால் அதில் ஏறாதே, படியில் போ, இதை மட்டுமாவது அப்பா பேச்சைக் கேள். அம்மா தன் பங்குக்கு அன்பும் முத்தமும் சொல்லச் சொன்னாள், அத்தை ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் கோபம். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் தலைக்கு ஒரு தீங்கும் வராதிருக்கட்டும். மறக்காமல் இது ஒன்று செய், எந்த நேரத்தில் அப்பா கூப்பிட்டாலும் எடு, பேச ஒன்றுமில்லாவிட்டாலும் எடு, கோபமாக இருந்தாலும் எடு. இருக்கியா என்று கேட்பேன். அன்றைக்குச் சொன்னது போலவே சொல்.

இப்படிக்கு,
நீ இருக்கிற வரை இங்கேயே இருக்கும்
அப்பா