எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் போட்ட மத்தியானம்

அக்கா,

இன்று காலை திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி வாஞ்சூர் எல்லையில் இருக்கிற பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள், எல்லாம் தமிழ்நாட்டு நம்பர். காரைக்காலில் விலை குறைவு என்று எல்லை தாண்டி வந்து டேங்கை ரொப்பிக்கொண்டு போகிறவர்கள். "வாய் வரைக்கும் போடுங்கண்ணே" என்று ஒரு பெண் வண்டியை ஆட்டி ஆட்டி ரொப்பிக்கொண்டிருந்தாள். சிந்திய பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. என் முறை வந்தபோது வண்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பங்க்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

தினமும் கடந்துபோகிற வாசனைதான். இன்று தாங்காமல் போனதற்கு நேற்று அத்தான் பேசியதுதான் காரணம். வருகிற வெள்ளிக்கிழமை அவரும் உன் மகளும் வருகிறார்கள். உன் வருஷ திதியை இங்கே கொடுத்துவிட்டு, அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் உன் சாம்பலைக் கரைக்கப் போகிறார்கள். உன்னிடம் சொல்லாத ஒன்றை அவர்களிடமாவது சொல்ல வேண்டும். முடியுமா என்று தெரியவில்லை. அதனால் முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

பிரான்சுக்கு வந்து உங்களோடு காரில் போன அந்தப் பயணத்துக்கு என்னை இழுத்ததே நீதான். என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகியும் நான் தலத்தெரு வீட்டை விட்டு நகரவில்லை என்று உனக்குக் கோபம். "போனவரு போயிட்டாரு, நீ எதுக்குடி செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க? லீவுக்கு நாங்க கார்ல கடலோரமாவே போறோம். பின்னாடி ஒரு சீட்டு சும்மாதான் கெடக்கு, வந்து சேரு" என்றாய். ஆறுதல் சொன்னாலும் உனக்கு அதட்டல் மாதிரிதான் வரும். நான் வந்து சேர்ந்தேன்.

பாரிசுக்கு வெளியே உன் வீட்டிலிருந்து கிளம்பி, இத்தாலி வழியாகக் குரோஷியாவுக்குள் நுழைந்தோம். பால்கன் கடற்கரை என்று உன் மகள் வரைபடத்தில் விரலால் இழுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் நீலக் கடல், நடுவில் வளைந்து வளைந்து போகிற சாலை. கார் டிக்கியில் ரைஸ் குக்கரும் பத்துக் கிலோ அரிசியும் நான் கொண்டுவந்த நெத்திலிக் கருவாடும் இருந்தன. இரண்டாம் நாள் நீ வாடகை வீட்டில் கருவாடு வறுக்கப்போய், வீட்டுக்காரம்மா ஏதோ செத்துக் கிடக்கிறது என்று கதவைத் தட்டினாளே, நினைவிருக்கிறதா? நீ பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாய், தமிழில் அவளைத் திட்டினாய், இரண்டையும் ஒரே சிரிப்போடு செய்தாய். கடற்கரையெல்லாம் கூழாங்கல். "என்னக்கா இது, ரோடு போட ஜல்லி கொட்டுன மாரி இருக்கு" என்றேன். அந்தக் கல்லிலேயே புடவையோடு உட்கார்ந்து அலையில் நனைந்தோம். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

உன்னைப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள், என்னை உள்ளூரில் கொடுத்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்தும் உனக்குச் சிவப்பு பாஸ்போர்ட், எனக்கு நீலம். காரைக்காலில் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. எனக்குக் கிடைத்தது பிரான்ஸ், இத்தாலி, குரோஷியா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை உள்ளே வரக்கூடிய விசா. அந்த நாடுகளுக்கு வெளியே கால் வைத்தால் மறுபடி நுழைய முடியாது. காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு இருக்கிறதே, அதுபோல அங்கே குரோஷியாவின் கடற்கரைக்கு நடுவில் போஸ்னியா ஒரு சின்னத் துண்டாகக் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் தொடாமல் போவதற்குக் கடல்மேல் பாலம் கட்டியிருக்கிறார்கள். அத்தான் எனக்காகவே அந்தப் பாலத்து வழியைத் தேர்ந்தெடுத்து, மூன்று முறை சொல்லியும் வைத்தார்.

அந்த மத்தியானம் அத்தானும் உன் மகளும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில் இருந்தேன். பெட்ரோல் முள் கீழே இறங்கியிருந்தது. பாலத்துக்குப் பிரிகிற இடம் வந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பேச்சை ஆரம்பித்தது நான்.

"அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவாம்க்கா, ஒம் பொண்ணு நேத்து சொன்னா. நம்ம வாஞ்சூரு மாரி. போட்டுக்கிட்டு வந்த வழியே திரும்பிடலாம்."

"அத்தான் பாலத்துல போவச் சொன்னாருல்ல?"

"அவருதான் கொறட்டை விடுறாரே."

நீ சிரித்துவிட்டு நேரே போனாய். என்ன பெண்கள் நாம்! நாகப்பட்டினத்துக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் எல்லை, பொறையாருக்குப் புடவை எடுக்கப் போனாலும் எல்லை. பஸ்ஸில் கண் அயர்ந்தால் ஒன்று போயிருக்கும். எல்லை என்றால் அந்தப் பக்கம் என்ன விலை என்று பார்க்கிற ஊரில் வளர்ந்த புத்தி நம்முடையது. உன் பாஸ்போர்ட் கட்டோடு என்னுடையதையும் சேர்த்து நீட்டினாய். இந்தப் பக்கத்துக்காரர் வெளியேறிய முத்திரை குத்தினார், போஸ்னியாக்காரர் மேலாகப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். பெட்ரோல் போட்டோம். வாய் வரைக்கும் போட்டோம்.

திரும்பும்போது மூன்று பாஸ்போர்ட்டைத் தந்துவிட்டு என்னுடையதை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். இவர் விசா முடிந்துவிட்டது, இறங்கச் சொல்லுங்கள் என்றார்கள். அத்தான் விழித்துக்கொண்டு, "பாலத்துல போவச் சொன்னேன்ல, யாரு திருப்புனது?" என்று கத்தினார். நான் பதில் சொல்வதற்குள், "நாந்தான். எனக்குத்தான் புத்தி இல்ல" என்று நீ சொல்லிவிட்டாய். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதுதான் முதல் பாவம்.

தகரக் கொட்டகை நிழலில் நான்கு மணி நேரம். உள்ளே விடலாமா, அப்படியே திருப்பி அனுப்பலாமா என்று யார் யாருக்கோ போன் பேசினார்கள். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும், உனக்குத் தெரியும். நீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாய். நான் தட்டிவிட்டேன். "செவப்பு பாஸ்போர்ட்டு வச்சிருக்குற திமிரு ஒனக்கு. நான் நடுரோட்டுல நிக்கிறேன் பாரு. இனிமே ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன். ஒன் சாவுக்குக்கூட வரமாட்டேன்." உன் மகள் அழுதாள். நீ குனிந்து பாட்டிலை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து, மறுபடியும் என் பக்கத்தில் வைத்தாய்.

கடைசியில் மூன்று நாளுக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு காகிதம் கொடுத்து உள்ளே விட்டார்கள். அந்த மூன்று நாளும் நான் உன்னோடு பேசவில்லை. விமான நிலையத்தில் நீ என் தோளைத் தொட்டாய். திரும்பிப் பார்க்காமல் போனேன். ஊருக்கு வந்ததும் எல்லோரிடமும், அக்காவால் எனக்கு வந்த கதியைப் பார்த்தீர்களா என்று சொல்லிச் சொல்லி, அந்த யோசனை என்னுடையது என்பதையே கிட்டத்தட்ட மறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் உன் மகள் போன் செய்தாள். ஈரலில் புற்றுநோய் வந்து, எலும்பு வரை போய்விட்டது, டாக்டர் சில மாதம்தான் என்கிறார், அம்மா உங்களையே கேட்கிறார்கள் என்றாள். எனக்குப் பயம்தான் வந்தது. ஆனால் வாய் வேறு பேசியது. "எனக்கு இனிமே எங்கேம்மா விசா குடுக்கப் போறாங்க? அதான் ஒங்கம்மா அன்னைக்கே அதுக்கு வழி பண்ணிட்டாளே" என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. உன் குரல் கேட்டது. "ஆமாண்டி. நாந்தான் கெடுத்துட்டேன்." அவ்வளவு மெலிந்த குரலில் நீ பேசி நான் கேட்டதில்லை.

அக்கா, நான் விண்ணப்பிக்கவே இல்லை.

ஒரு படிவம்கூட நிரப்பவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா, மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. முதலில் வீம்பு. பிறகு, எந்த முகத்தோடு உன் கட்டில் பக்கம் வந்து நிற்பது என்ற கூச்சம். இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளினேன். அத்தானும் உன் மகளும் கேட்டபோதெல்லாம் "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். பிறகு "குடுக்கலம்மா" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? உன்னைத் தகனம் செய்ததைப் போனில் பார்த்தேன். சாவுக்குக்கூட வரமாட்டேன் என்று கோபத்தில் யார்தான் சொல்லவில்லை? சொன்னபடி செய்தவள் நான் ஒருத்திதான்.

இதற்கு நடுவில் நீ எனக்கு ஒரு தபால் அனுப்பியிருந்தாய். திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று பிரிக்காமல் அலமாரியில் போட்டேன். உன் காரியம் முடிந்த பிறகுதான் பிரித்தேன். ஒரே தாள், பிரெஞ்சில். கடைசியில் கோணல்மாணலாக உன் கையெழுத்து. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்குக் காகிதம் எழுதிக் கொடுக்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். என் விண்ணப்பத்தோடு வைப்பதற்காக விசா அதிகாரிக்கு நீ எழுதியது. வண்டியை ஓட்டியது நான், எல்லைக்குள் போகலாம் என்று முடிவு செய்ததும் நான், என் தங்கைக்கு வழி தெரியாது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளைத் தண்டிக்காதீர்கள், எனக்கு நாள் அதிகமில்லை, ஒரு முறை வர விடுங்கள்.

தூங்கிக்கொண்டிருந்தேனாம். சாகக் கிடந்தவள் எனக்காகப் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

"நல்லா எழுதியிருக்காங்கம்மா. இத வச்சுமா குடுக்கல? என்ன காரணம் சொன்னாங்க?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

நேற்றும் அத்தான் அதையேதான் சொன்னார். "ஒனக்கு விசா கெடைக்காமப் போனது ஒண்ணுதாம்மா அவளுக்கு உறுத்தல். எந் தங்கச்சிய நானே வரவுடாம பண்ணிட்டேன்னு கடைசி நாளு வரைக்கும் சொன்னா." இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். "என்ன பண்றது அத்தான், நம்ம கையில என்ன இருக்கு" என்றேன்.

பிறகு உன் மகள் போனை வாங்கினாள். "சித்தி, அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஊருக்கு வந்ததும் நீங்கதான் அவங்கள கையில வாங்கிக்கணுமாம். நீங்கதான் கரைக்கணுமாம். செய்வீங்கல்ல?"

செய்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை முகத்துவாரத்தில் உன்னை என் கையில் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். பாவம் சித்தி, வரமுடியாமல் போய்விட்டதே என்று உன் மகள் என் முதுகைத் தடவிக் கொடுப்பாள். தடவ விடுவேன். உன்னிடம் சொல்லியாயிற்று, இனி அவர்களிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்ல மாட்டேன் அக்கா. எனக்கு என்னைத் தெரியும்.