அம்மா பின்னலைக் கீழே வைத்தால்

வெஸ்ட்கெர்க், ஐயோவா
நவம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள வெண்டெலுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். அங்கே நீயும் அலாஸ்காக் கடலும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இது அம்மாவின் கடிதம். அம்மாவின் கைகள் இரண்டும் பின்னல் ஊசியில் மாட்டிக்கொண்டிருப்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பேனாவை எடுக்கும் முன்பே ஒரு நிபந்தனை போட்டுவிட்டேன். நடந்த எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுவேன், "இதை விட்டுடுடி நெல்டா" என்று அம்மா சொன்னால் அப்படிச் சொன்னதையும் சேர்த்து எழுதுவேன். "எழுதிக்கோ, அவன் என் வயித்துல பொறந்தவன்தானே, என்னைப் பத்தி அவனுக்குத் தெரியாதா" என்று அம்மா ஒப்புக்கொண்டாள்.

அம்மா முதலில் கேட்கச் சொன்னது, காலுறை காய்ந்ததா என்று. ஈரக் காலுறையோடு படகில் நிற்காதே, மீனை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, காய்கறி கிடைக்கிற துறைமுகத்தில் கையில் இருக்கிற காசுக்கு முட்டைக்கோஸாவது வாங்கு என்கிறாள். போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாயே, அப்பா பயிற்சி கொடுக்கிற நம் கல்லூரிக் கால்பந்து அணிக்கு இந்த வருடம் என்ன வந்தது, தற்காப்பு ஆடுகிறவர்கள் பாறை மாதிரி நிற்கும்போது தாக்குதல் ஆடுகிறவர்கள் மட்டும் ஏன் பந்தைக் கையில் எடுத்து ஓடியோ வீசியோ பத்து கஜம் நகர்த்தவே திணறுகிறார்கள் என்று, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லும் முன் ஊரார் சொன்ன பதில்களையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பந்தை வீசுகிற கெல்வின் கோடையில் கல்யாணம் செய்துகொண்டான், அவன் மனசு வீட்டில் இருக்கிறது என்றார் முடிதிருத்துகிறவர். புதுச் சீருடையில் கால்சட்டை இறுக்கம், பிள்ளைகள் எப்படி ஓடுவார்கள் என்றார்கள் தேவாலயத்துப் பெண்கள். இறைச்சிக் கடைக்காரர் எடை போடும்போதே, "உங்க வீட்டுக்காரருக்குத் தைரியம் போயிடுச்சும்மா, ஓட வேண்டிய இடத்துல வீசுறாரு, வீச வேண்டிய இடத்துல ஓடுறாரு" என்றாராம். அம்மா ஒரு பவுண்டை அரைப் பவுண்டாகக் குறைத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்பா எங்களிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் விஷயம் சின்னதில்லை. அக்டோபரில் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் போஸ்மா அவரை அறைக்குக் கூப்பிட்டு, கடைசி ஆட்டத்தில் டன்மோர் அணியையாவது ஜெயிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு பயிற்சியாளர் என்று சொல்லிவிட்டார். நாம் இருக்கிற வீடும் கல்லூரியுடையது, அதனால் வேலை போனால் வீடும் போகும். உன்னிடம் சொல்லி உன் தூக்கத்தையும் ஏன் கெடுக்க வேண்டும் என்று அம்மா இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா. போன வாரம் நம் ஊரில் நடந்த ஆட்டத்தில் வழக்கம்போல அம்மாவும் நானும் நம் அணியின் பெஞ்சுக்கு நேர் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு அத்தியாயம் முடிந்து தலையைத் தூக்கினால், எதிர்ப்பக்கத்தில் அவர்களுடைய மாற்று ஆட்டக்காரன் ஒருவன் தொலைநோக்கியை நேரே எங்கள் மேல் வைத்திருக்கிறான். என் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டேன். அவன் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று கையை ஆட்டிக் கத்தினான், உடனே அவர்கள் ஆட்கள் எல்லாம் பின்வாங்கிப் பரவி நின்றார்கள், கெல்வின் வீசிய பந்து அவர்கள் கைக்கே போனது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை நான் அவனைப் பார்க்கவில்லை, அவன் யாரைப் பார்க்கிறானோ அவளைப் பார்த்தேன். அம்மா பின்னலை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

உனக்குத்தான் தெரியுமே, அடுத்து ஓட்டமா வீச்சா என்று ஆட்களுக்குக் காட்டுகிற சைகைகளை அப்பா வாரா வாரம் மாற்றிவிடுவார். தொப்பியைத் தொட்டால் ஓட்டம், காதை இழுத்தால் வீச்சு என்று இந்த வாரம் இருந்தால் அடுத்த வாரம் வேறு. எந்த எதிராளியாலும் அதைப் படிக்க முடியாது. ஆனால் மாற்றிய சைகையை அவர் சாப்பாட்டு மேசையில்தான் பழகுகிறார், பட்டாணி சூப் ஆறிப்போகிற வரைக்கும் காதை இழுத்துக்கொண்டிருப்பார், அதனால் அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் அம்மாவுக்குப் பயமில்லை, ஊசி பாட்டுக்கு ஓடும். வீசப்போகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் பின்னலைக் கீழே வைத்து வாயைப் பொத்திக்கொள்வாள். இத்தனை வருடமாக இப்படித்தான், ஆனால் இத்தனை வருடமாக அவள் பின்னியது சாம்பல் நிறக் கம்பளி. இந்த வருடம்தான் நீ படகில் வேலைக்குப் போனாய். தண்ணீரில் விழுந்தால் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று உனக்காக ஆரஞ்சு நிறத்தில் ஸ்வெட்டர் ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து மேசையில் சொன்னேன். அப்பாவின் முள்கரண்டி உருளைக்கிழங்கோடு பாதி வழியில் நின்றது. பிறகு கீழே போய், அணிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கிற ஆட்டப் படச்சுருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கருப்பு வெள்ளைப் படம்தான், இருந்தும் இருட்டுக் கோட்டுகளுக்கு நடுவில் வெளுப்பாக ஒன்று ஏறி இறங்குவது அத்தனை தெளிவு. அது இறங்கினால் வீச்சு. வெளியூர் ஆட்டங்களிலும் அம்மா அதே மாதிரி பெஞ்சுக்குப் பின்னால். எந்த ஊர் அணிக்கும் வேறு உளவு வேண்டியிருக்கவில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த வருடம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க பசங்க தோத்ததுக்கு என் ஊசியா காரணம்? நான் இனிமே வரவே இல்ல, வீட்டுலயே கெடக்கேன்" என்றாள். (இதை விட்டுவிடச் சொல்கிறாள்.) அப்பா, "அடியே ஆர்லிஸ், நீ வராம இருந்தாத்தான் அவனுங்க உஷாராயிடுவானுங்க. நீ வா. அதே எடத்துல உக்காரு. ஓட்டம்னா கீழ வை, வீச்சுன்னா பின்னிக்கிட்டே இரு" என்றார். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவும்போது நான் காதை இழுப்பேன், அம்மா துணியைக் கீழே போடாமல் பழகினாள்.

நேற்று டன்மோர் ஆட்டம். முதல் வீச்சிலேயே பழக்கதோஷம், பின்னல் மடிக்குப் போய்விட்டது, பந்து அவர்களிடம். "தொலைச்சேனே, தொலைச்சேனே" என்று அம்மா முனகினாள். அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை, அவருடைய பின்கழுத்து மட்டும் சிவந்தது. அதற்குப் பிறகு அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னினாள், நான் சைகையைப் பார்த்து முழங்கையால் இடித்தேன், வீச்சுக்கு ஒரு இடி, ஓட்டத்துக்கு இரண்டு. உன் ஸ்வெட்டரின் இடது கையில் சில ஓட்டைகள் விழுந்திருக்கின்றன, அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு நல்ல வீச்சு. பின்னல் கீழே போனால் டன்மோர்க்காரர்கள் பின்வாங்குவார்கள், நம் ஆட்கள் முன்னால் கிடக்கிற வெட்டவெளியில் ஓடுவார்கள். ஊர் எழுந்து நின்றது. முடிதிருத்துகிறவர் தொப்பியைத் தூக்கிப் போட்டார், அது இன்னும் கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் நாம் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம், ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. அப்பா காதை இழுத்தார். வீச்சு. நான் அம்மாவை ஒரு இடி இடித்தேன். அம்மா கண்ணைத் திறந்து, எதிர்ப்பக்கம் தொலைநோக்கியோடு நின்ற டன்மோர்ப் பையனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பின்னலை மெதுவாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, மடியில் வைத்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. டன்மோர்ப் பையன் முன்னால் போங்கள் போங்கள் என்று கையை வீசினான், அத்தனை பேரும் ஓட்டத்தைத் தடுக்க நெருங்கி வந்தார்கள். பாதிரியாரின் மகன் ஹார்லன் மைதானத்தின் கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தன்னந்தனியாக நின்றான், கெல்வின் போட்ட பந்து அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஆறு புள்ளி, ஜெயித்துவிட்டோம். எப்படியம்மா என்று கேட்டேன். "அந்தப் பையன் தொலைநோக்கியை எறக்கிட்டுத் தலைய ஆட்டினான்டி. ஏமாந்துட்டோம்னு புரிஞ்ச மூஞ்சி. இனிமே நான் எது செஞ்சாலும் அவன் தலைகீழாத்தான் எடுத்துப்பான். அதான் உள்ளதையே சொல்லிட்டேன்" என்றாள். அப்பா அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

இதுவரை எழுதியபோது வாசலில் கார் நின்றது. போஸ்மா வந்திருக்கிறார். ஜெயித்த பிறகும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஊசிகள் நின்றுவிட்டன.

வெண்டெல், அவரைப் பற்றி உனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமையில் வேலைப் பேச்சுப் பேசுவது பாவம் என்று இருப்பவர். தேர்தலைக்கூட திங்கட்கிழமைதான் பேசுவார். வந்து உட்கார்ந்து பாதாம் ரொட்டி சாப்பிட்டார், வானிலை பேசினார், பிரசங்கம் நீளம் என்றார். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மூன்றாவது முறை காப்பி ஊற்றினாள். கடைசியில் அவர் மேலே பார்த்து, "ஆர்லிஸ், உங்க பின்கட்டுக் கூரை ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன். பனி உருகினதும் ஆள் அனுப்பி மாத்திக் குடுத்துடுறோம். ஓடு பச்சையா வேணுமா, சிவப்பா வேணுமா? வருஷக்கணக்கா நீங்கதானே பாக்கப் போறீங்க" என்றார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார். அம்மா, "பச்சை" என்றாள்.

போஸ்மாவுக்கு ஆட்டம் மட்டும் வேலைப் பேச்சில் சேராது போலிருக்கிறது. இப்போது உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, என் மைக்கூடு எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, இந்த வருடம் நம் தாக்குதல் ஏன் திணறியது என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். கெல்வினின் கல்யாணம்தான் காரணமாம். அப்பா, "அப்படியாங்க, அப்படியாங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா என் காதில் முடித்துவிடச் சொல்கிறாள், நாளை விடியற்காலையில் எழ வேண்டும்.

ராசா, கடவுள் உன்னைக் கையில் வைத்துக் காப்பாற்றட்டும், அலை உன்னிடம் அடக்கமாக நடந்துகொள்ளட்டும். ஸ்வெட்டர் இந்த வாரத் தபாலில் வரும், ஓட்டைகளை அடைக்கப்போவதில்லை என்கிறாள். அதைக் கோட்டுக்கு வெளியே போடு, உள்ளே போட்டால் பயனில்லை. பல்வலி இன்னும் இருந்தால் மறைக்காமல் எழுது.

முத்தங்களுடன் உன் அம்மா,
ஆர்லிஸ்
(சொல்லச் சொல்ல எழுதியவள் உன் தங்கை நெல்டா)

போஸ்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், அவருக்குப் புரியட்டும் என்று அம்மா விளக்குகளை அணைத்துவிட்டாள்.