போர்டில் சூடு இல்லை

பரங்கிப்பேட்டை,
ஜூன் 2009

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

நம் மகள் ஷமீனாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நேற்று போனில் அதைச் சொல்ல வந்தேன். நீங்கள் மறுபடியும், "ஸ்விட்ச் போர்டு சூடாவுதா, தொட்டுப் பாத்தியா?" என்றுதான் கேட்டீர்கள். உங்கள் கம்பெனியின் அந்தச் சரக்கு விமானம் விழுந்ததிலிருந்து வேறு எதையும் நீங்கள் கேட்பதில்லை.

வானத்திலேயே ஒயரில் தீப்பிடித்தது என்று டிவியில் சொன்னார்கள். கிளம்புமுன் அந்த ஒயர்களைச் சரிபார்த்தவர் நீங்கள் என்று சொல்லவில்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. போன லீவில் நீங்கள் ஒயரிங் செய்த வீடுகளுக்கெல்லாம் இப்போது சிதம்பரத்திலிருந்து வேறு ஆள் வருகிறார். பக்கத்து வீட்டு நாசர் காக்கா, "மனசுல வச்சிக்காத புள்ள, சின்னப் புள்ளைங்க இருக்கிற வூடு" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

உங்கள் உம்மா அந்த ஆளை நம் வாசற்படி ஏற விடவில்லை. "எம்புள்ள போட்ட ஒயர எவனும் தொடக்கூடாது" என்றார். ஆனால் வெளியே போகும்போதெல்லாம் மெயினை அணைத்துவிட்டுத்தான் போகிறார். நான் பார்க்காததுபோல் இருந்துகொள்கிறேன்.

விசாரணை முடியும்வரை அங்கே உங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரமாட்டார்கள் என்றால் இருக்கட்டும். இறந்த பைலட்டுகளின் வீட்டாருக்காக துஆ கேட்கிறேன். வேறென்ன செய்ய?

நீங்கள் கேட்டதற்குப் பதில். சமையற்கட்டு, கூடம், ஷமீனா படுக்கும் அறை, எல்லாப் போர்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டேன். எதிலும் சூடு இல்லை. நீங்கள் மாட்டிய ஃபேனுக்குக் கீழேதான் பிள்ளை தூங்குகிறாள்.

நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள், மச்சான்.

உங்கள் மகளின் உம்மா