வில்லங்கம் இல்லாத சேறு

21-1-2006, சனி

மனை போட்டு விற்கலாமென்று கழுவெளி ஏரியோரம் சேற்று நிலம் பார்க்கப் போனேன். என் கடைக்கு இறால் கொடுக்கும் அஞ்சலை, ஓலைக்கூடையைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நாரைகள்.

"மண்ணடிச்சுத் தூத்துடலாம்" என்றார் கூட வந்த புரோக்கர்.

அஞ்சலை கூடையை வாயிலிருந்து எடுத்தாள். "தூத்துடுங்க மொதலாளி. எறா குஞ்சு வளர்றதே இந்தச் சேத்துலதான். நாரை வர்றதும் அதுக்குத்தான். அப்புறம் தராசுல மனைக்கல்ல வெச்சு நிறுத்துக்கங்க."

புரோக்கர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாரைமேல் எனக்குப் பாசமெல்லாம் கிடையாது. ஆனால் இறால் போனால் என் கடை போச்சு. பத்திரத்தில் வில்லங்கமென்று சொல்லி விலகிவிட்டேன். உண்மையில் அப்படி ஒன்றுமில்லை.

நாளைக்குப் புரோக்கர் வேறொருவனை அழைத்து வந்து அதே நிலத்தைக் காட்டுவார். அவனுக்காகவும் அஞ்சலை கூடையை வாயிலிருந்து எடுப்பாளா, தெரியவில்லை.