கண்டெய்னர் கதவில் தொங்கிய எலுமிச்சம்பழம்

வெள்ளிக்கிழமை, இரவு

வெளிநாட்டில் எங்கள் மாம்பழ ஜூஸை வாங்குகிறவர் சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பினார். சித்தூரிலிருந்து நாங்கள் அனுப்பிய முதல் கண்டெய்னர். கதவின் உட்புறம், கம்பியில் ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்குகின்றன. எல்லாம் அழுகி, புழு நெளிகிறது. அனுமதி வாங்காத பழம், காய் எதுவும் அந்த நாட்டுக்குள் நுழையக் கூடாது. சரக்கு மொத்தத்தையும் அழிக்கப்போகிறார்களாம்.

ஜூஸில் ஒரு குறையும் இல்லை. லேபிளில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் நானே சரிபார்த்தேன்.

லோடு ஏற்றிய முனிரத்தினத்தைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நைனாதான் குறுக்கே வந்தார்.

"அவன ஏம்மா திட்டிக்கினு கீற? நாந்தான் கட்னேன்."

எதற்கென்று கேட்டேன்.

"புது வண்டி வாங்குனாலே அலிபிரி கோயிலுக்கு இட்டுக்கினு போயி பூஜ போடறோம். நம்ம சரக்கு மொத மொதல்ல கடல் தாண்டிப் போவுது. கண்ணு படாதா?"

பெற்ற அப்பாவை என்னவென்று திட்டுவது? வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. கை கழுவும்போதுதான் உறைத்தது. இரண்டாவது கண்டெய்னரும் கப்பல் ஏறிவிட்டது.

"நைனா, அதுல?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மொதல்ல போனது இன்னும் அந்த ஊர் ஹார்பர வுட்டு வெளிய வரலன்னு சொல்லிக்கினு இருந்தியேம்மா. அதான், அதுல ரெண்டா கட்டி வுட்டேன்."